மூன்று ஷிப்டு, இரண்டு பேர்

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளுக்காக இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 2007-இல் வந்தது. வயதான தாயோ தகப்பனோ தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் தரும்படி பிள்ளைக்கு உத்தரவு போடலாம். நல்ல சட்டம்தான். பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கு அன்றிலிருந்து அது நல்ல அவல்.

அந்தச் சட்டத்தின் மனசில் இருக்கும் குடும்பப் படம் ஒன்றே ஒன்றுதான். பெற்றோர் தளர்ந்துவிட்டார்கள், பிள்ளை கையும் காலும் திடமாக நிற்கிறான், கல்லாகிப் போனது அவன் மனசு மட்டுமே. இந்தப் படத்தைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். எழுபது வயதுக்காரி நாற்பது வயது மகனைத் தோளில் தாங்கிக் குளியலறைக்குக் கொண்டு போகிறாள். எழுபத்தைந்து வயதுக்காரர் டயாலிசிஸ் முடிந்து வரும் மகளுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், மடியில் மருந்துப் பையோடு. இந்தப் படத்துக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு என்று இருந்தது. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவு. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளை மேஜராகிவிட்டாலும் அவனைப் பராமரிக்கும் கடமை பெற்றோருக்கு உண்டு என்கிறது அது. ஆக, சட்டம் இந்தப் பெற்றோரைக் கண்டிருக்கிறது. கண்டு, கடமையை நினைவூட்டிவிட்டு நகர்ந்துவிட்டது.

மாட்டுங்காவில் மாடி வீட்டு மாமி கேட்கிறார்: "எங்களுக்கப்புறம் இவனை யார் சார் பாத்துப்பா?" தாராவியில் நெல்லைக்கார அம்மாளும் அதையே கேட்கிறார்: "எங்க காலத்துக்குப் பொறவு இவளை யாரு தம்பி கெவனிப்பா?" இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒன்றரை மைல் தூரம்தான். வருமானத்தில், வீட்டின் அளவில், சாதியில், சமையலில் அந்த ஒன்றரை மைல் எவ்வளவு பெரியது என்று மும்பைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி மட்டும் ஒன்று.

முன்பு இந்தக் கேள்வி இத்தனை வீடுகளில் எழுந்ததில்லை. காரணம் சோகமானது: பிள்ளைகள் அதற்குள் இறந்துவிட்டார்கள். தலசீமியா குழந்தைகள் பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டுவது அபூர்வமாக இருந்தது. தசைச்சிதைவு நோய் வந்த பையன்கள் பதின்வயதோடு போய்விடுவார்கள். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தால் சில வாரங்கள். இன்று ஒழுங்காக ரத்தம் ஏற்றி, இரும்புச் சத்தை வெளியேற்றும் மருந்தும் கொடுத்தால் தலசீமியா நோயாளி கல்லூரி முடித்து வேலைக்குக்கூடப் போகிறார். டயாலிசிஸில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். மருத்துவம் தன் பங்கைச் செய்தது. பிழைத்தவரைத் தினமும் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டது. பிள்ளைக்கு வயது கூடக் கூட, பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கூடும் அல்லவா? இந்தச் சின்னக் கணக்கை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் யாரும் எழுதுவதில்லை.

மாட்டுங்காவிலிருந்து கொஞ்ச தூரம்தான் பரேல். அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையில் 42 ஆண்டுகள் ஒரு நோயாளி இருந்தார். அருணா ஷான்பாக், அதே மருத்துவமனையின் இளம் நர்ஸ். கர்நாடகத்தின் ஹல்திபூரிலிருந்து வந்தவர். 1973 நவம்பர் 27 அன்று அங்கே வேலை பார்த்த ஒரு துப்புரவுப் பணியாளனால் தாக்கப்பட்டு, மூளைக்குப் பிராண வாயு போகாமல், நினைவு திரும்பாத நிலைக்குப் போனார். 2015 மே 18-இல் நிமோனியாவில் இறக்கும் வரை நான்காம் வார்டை ஒட்டிய அறையில் இருந்தார். சொந்தங்கள் நாளடைவில் விலகிப் போக, அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் நர்சுகள். ஒரு தலைமுறை ஓய்வு பெற்றால் அடுத்த தலைமுறை. அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதிக்க வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அந்த நர்சுகள்தான் எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7-இல் மனு தள்ளுபடியானது. அத்தனை ஆண்டுகளில் அருணாவுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வந்ததில்லை என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நீதிபதிகள் நர்சுகளை மனம் திறந்து பாராட்டினார்கள்.

படுக்கைப்புண் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று வீட்டில் ஒரு நோயாளியை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, அதில் நாலு நடு ராத்திரியில். வருஷத்துக்கு 4,380 தடவை. ஈரம் தங்கக் கூடாது. விரிப்பில் சுருக்கம் விழக் கூடாது. இடுப்பெலும்பு, குதிகால், பின் மண்டை, தோள்பட்டை இவற்றில் தோல் சிவக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றும்போது தலையை உயர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நுரையீரலுக்குப் போய்விடும். சிறுநீர்க் குழாயை மாற்ற வேண்டும். கே.இ.எம். நர்சுகள் இதை மூன்று ஷிப்டில் செய்தார்கள். வீட்டில் ஷிப்டு ஏது? இரண்டே பேர். அதில் ஒருவருக்கு முழங்கால் மூட்டு தேய்ந்திருக்கும், இன்னொருவருக்குக் கண்புரை. புரட்டுவதற்கு இருவரும் சேர்ந்துதான் வேண்டும் என்பதால் ஒருவர் தூங்க இன்னொருவர் விழிப்பது என்ற ஏற்பாடும் செல்லாது. நர்சிங் பீரோவிலிருந்து ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பீர்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு ஒரு பெண் வருவார். நல்லவராகவும் இருப்பார். அவருக்குக் கொடுத்தது போக ஓய்வூதியத்தில் மீதி என்ன இருக்கும் என்பதை ஓய்வூதியம் வாங்குகிறவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

அருணா வழக்கில் பேசப்பட்டதெல்லாம் நோயாளியின் உரிமை. தில்லியிலிருந்து வந்த இன்னொரு வழக்கில் பார்த்துக்கொள்கிறவர்களின் வயது நீதிமன்றத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஹரீஷ் ராணா சண்டிகரில் படித்துக்கொண்டிருந்த மாணவர். 2013-இல் தங்கியிருந்த இடத்தின் நான்காவது மாடியிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. கை கால் அசைவில்லை, பேச்சில்லை, நினைவில்லை. பெற்றோர் பத்து ஆண்டுகளுக்கு மேல் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். சொந்த வீட்டை விற்றார்கள். 2024-இல், எங்களால் இனி முடியவில்லை, எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று நீதிமன்றம் போனார்கள். அவர் எந்த இயந்திரத்தின் துணையிலும் உயிர் வாழவில்லை என்று சொல்லி ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில், வீட்டிலேயே சிகிச்சைக்கு உத்தரப் பிரதேச அரசு உதவும் என்ற ஏற்பாடு பதிவானது. வழக்கு அதோடு நிற்கவில்லை. எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது அந்த நவம்பர் ஏற்பாடுதான். பிசியோதெரபிஸ்ட், டாக்டர், நர்ஸ், மருந்து என்று ஒரு பட்டியல். ஒரு குடும்பம் மகனின் மரணத்துக்கு அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் ஓர் அரசாங்கத்துக்கு வீட்டுக்கு நர்ஸ் அனுப்பத் தோன்றுகிறது என்றால், மனுப் போடத் தெரியாத வீடுகளின் கதி என்ன?

பெற்றோர் அந்த மனுவைப் போட்டதைக் கொடூரம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களை ஒரு வாரம், வேண்டாம், ஓர் இரவு அந்த வீட்டில் இருக்கச் சொல்லலாம்.

செம்பூர் பக்கம் வேறு மாதிரி. அங்கே காலனிக் கட்டடங்களில் படுத்த படுக்கையாக யாரும் இல்லாத வீட்டிலும் இந்தக் கதை நடக்கிறது. மகன் நடமாடுகிறான், சாப்பிடுகிறான். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் படித்தவன். இருபது வயதில் யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தான். ஸ்கிசோஃப்ரினியா பெரும்பாலும் பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடையில் தலைகாட்டும் நோய். அப்போது பெற்றோருக்கு நாற்பத்தைந்து, ஐம்பது இருக்கும். முதல் சில வருஷங்கள் மந்திரித்த கயிறு, ஜாதகம், பிறகு டாக்டர், மாத்திரை, நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பம். மகளுக்கு வரன் பார்க்கும்போது மகனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அல்லது உள் அறையில் கதவைச் சாத்தி வைப்பார்கள். தங்கை கல்யாணமாகி நியூஜெர்ஸிக்குப் போவாள். இருபத்தைந்து வருஷம் கழித்து அந்த வீட்டில் மூன்று பேர் மிச்சம்: எழுபத்தைந்து வயது அப்பா, எழுபது வயது அம்மா, நாற்பத்தைந்து வயதுப் பிள்ளை. அவன் மாத்திரையை விழுங்கினானா அல்லது நாக்குக்கு அடியில் ஒதுக்கினானா என்று பார்க்க இன்னமும் அம்மா எதிரே நிற்கிறாள்.

ஜப்பானில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. 80-50 பிரச்னை என்கிறார்கள்: எண்பது வயதுப் பெற்றோர், வீட்டை விட்டு வெளியே வராத ஐம்பது வயதுப் பிள்ளை. பெயர் வைத்தால் பிரச்னை தீர்ந்துவிடாது. ஆனாலும் பெயர் இருந்தால் நகராட்சியில் அதற்கென்று ஒரு மேசையாவது போடலாம். நம்மிடம் இருக்கும் பெயர் பூர்வஜன்ம பாவம். அதைச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துக் கிளம்பும் உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கிளம்பிய பிறகு அந்தத் தாய் டம்ளரைக் கழுவுகிற வேகத்தையும்.

சட்டம் என்ன தருகிறது? 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல குறைபாடுகள் சேர்ந்த நிலை ஆகிய நான்குக்கும் பொருந்தும். பதினெட்டு வயதான பிறகும் காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு இருக்கிறது. பெற்றோரே காப்பாளர் ஆகலாம். வேறு ஒருவரையும் நியமிக்கக் கேட்கலாம். உபயோகமான ஏற்பாடு. ஆனால் ஸ்கிசோஃப்ரினியா அந்த நாலில் இல்லை. அதற்கு 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம். குடும்பம் இல்லை என்பதற்காகவோ, குடும்பம் ஏற்க மறுக்கிறது என்பதற்காகவோ ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. இடைநிலை இல்லங்கள், துணையுடன் வாழும் குடியிருப்புகளை அரசு ஏற்படுத்த வேண்டும் என்று அழகாக எழுதியிருக்கிறது. அந்தக் குடியிருப்புகள் எத்தனை எழும்பின என்று செம்பூர்ப் பெற்றோரைக் கேட்க வேண்டாம். சங்கடப்படுவார்கள்.

வசதி இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2001 ஆகஸ்ட் 6-இல் பார்த்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கூரைக் கொட்டகையாக இருந்த ஒரு காப்பகம் அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் பலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். விட்டுவிட்டுப் போன குடும்பங்களை நாம் அப்போது ஏசினோம். அங்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்களில் கடைசி ரயில் டிக்கெட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டு வந்த கிழவிகளும் இருந்திருப்பார்கள். சங்கிலியை அவர்கள் பார்த்திருப்பார்கள்தான். தாங்கள் இறந்த பிறகும் அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு போடும் இடம் என்று வேறொன்றை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

சிறுநீரகம் பற்றிச் சொல்ல வேண்டும். 1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவினர் தானம் செய்யலாம். குடும்பத்தில் யார் கொடுப்பது என்ற ஆலோசனை எங்கும் நீண்ட நேரம் நடப்பதில்லை. உயிரோடு இருக்கும்போது தானம் செய்கிறவர்களில் இந்தியாவில் பெரும்பாலோர் பெண்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முப்பது வயது மகனுக்கு என்றால் ஐம்பத்தைந்து வயது அம்மா. ஆபரேஷன் நல்லபடியாக முடியும். சாமிக்கு மொட்டை போடுவார்கள். மாற்றிய சிறுநீரகம் பத்துப் பதினைந்து வருஷம் ஓடினால் நல்ல ஓட்டம். அதன் பிறகு மறுபடியும் டயாலிசிஸ். இப்போது அம்மாவுக்கு எழுபது, அவளிடம் இருப்பதும் ஒன்றுதான். அந்த முதல் ஆபரேஷனைக் கொண்டாடி எழுதும் நாம், இந்த இரண்டாம் பாகத்தை எழுதுவதில்லை.

தாராவியில் நிலைமையை வேறு கணக்கில் பார்க்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் நோயாளிக்கு என்று தனி மூலை கிடையாது. மகளுக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால் அம்மா, அப்பா, மகள் மூவரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். வயதானவருக்குச் சர்க்கரை வியாதியும் இருந்தால் காசநோய் தொற்றி வளர்வதற்கான வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. ஆகவே பார்த்துக்கொள்கிறவரே அடுத்த நோயாளி. முன்பு இந்த வகைக் காசநோய்க்கு இரண்டு வருஷ சிகிச்சை, அதில் மாதக்கணக்கில் தினம் ஓர் ஊசி. அந்த ஊசி சிலரின் செவியைப் பறித்தது. மும்பைத் தமிழ்ப் பெண் நந்திதா வெங்கடேசன் அப்படி 2013-இல் கேட்கும் சக்தியை இழந்தவர். ஒரு மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது காது கேட்கவில்லை. அதோடு ஓய்ந்துவிடாமல், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேஸா டிஸிலேயுடன் சேர்ந்து, பெடாகுவிலின் என்ற புதிய மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை எதிர்த்தார். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. ஊசி இல்லாத, ஆறு மாதத்தில் முடியும் மாத்திரைச் சிகிச்சைக்கு 2024-இல் அரசின் அனுமதியும் கிடைத்தது. தாராவியின் ஒரு தாய்க்கு இதன் பொருள், ஊசிக்காக மகளைத் தினம் அழைத்துக்கொண்டு நடக்கும் நடை மிச்சம். நோயாளியின் சத்துணவுக்கு மத்திய அரசு தரும் உதவி, 2018-இல் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்து, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். முட்டை வாங்கலாம். தாய்க்கும் ஒரு முட்டை வாங்கலாமா என்பதை அந்தத் திட்டம் யோசிக்கவில்லை.

தாராவிக்கு இருக்கும் ஒரே அதிர்ஷ்டம் சயான் ஆஸ்பத்திரி. நடந்தே போகலாம், முடியாவிட்டால் டாக்ஸி ஒரு மீட்டர் விழுவதற்குள் வந்துவிடும். மாநகராட்சி ஆஸ்பத்திரி, கூட்டம் நெரியும், ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்திருக்கும். இப்போது மறுசீரமைப்புத் திட்டம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம். மேல்தளத்துக்காரர்களுக்கும் பிந்தி வந்தவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. 350 சதுர அடி என்பது பேரதிர்ஷ்டம் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் போகும் மகனை வைத்திருக்கும் அறுபத்தெட்டு வயதுக்காரருக்குச் சதுர அடி முக்கியமல்ல. ஆஸ்பத்திரிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதுதான் முக்கியம். தகுதிப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

செய்ய முடியாத காரியமா இது? கேரளம் 2008-லேயே வலி தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு கொள்கை வகுத்தது. அதற்கு முன்பே, 1993-இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் ஆரம்பித்த சங்கம் அக்கம்பக்கத்து ஜனங்களையே பயிற்றுவித்து, ஜீப்பில் நர்ஸை வீடு வீடாக அனுப்பும் ஏற்பாடாக வளர்ந்தது. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ஆஸ்வாசகிரணம் திட்டமும் அங்கே உண்டு. ரூபாய் சொற்பம், நேரத்துக்கு வருவதில்லை என்ற புகாரும் உண்டு. இருந்தாலும் அந்த வேலையை வேலை என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறதே. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கு வருகின்றன. பிரிட்டனில் 1976-லிருந்து பார்த்துக்கொள்பவருக்குப் படி உண்டு. ஆனால் முதியோர் ஓய்வூதியம் வாங்க ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் அது கைக்கு வராது. வயதாகிவிட்டால் பாரம் குறைந்துவிடும் என்று வெள்ளைக்காரனும் நினைத்திருக்கிறான். மும்பையில், 1986-இல் பாந்திராவில் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன் நாட்டின் முதல் அந்திமப் பராமரிப்பு இல்லம், முற்றிய புற்றுநோய்க்காரர்களுக்கானது. புற்றுநோய் இல்லாமல் இருபது வருஷம் படுத்திருக்கப் போகிறவருக்கு அது பொருந்தாது. ஒரு வாரம், பதினைந்து நாள் நோயாளியை ஒப்படைத்துவிட்டுத் தாய் தன் கண்புரையை எடுத்துக்கொள்ள, அல்லது ஊரில் தங்கை பேத்தியின் கல்யாணத்துக்குப் போய்வர ஓர் இடம் வேண்டும். தமிழர்கள் இந்த நகரத்தில் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார்கள், சபாக்கள் நடத்துகிறார்கள், கோயில் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். பத்துப் படுக்கையும் நாலு நர்சும் அவற்றைவிடக் கடினமா என்ன?

பணம் இருக்கும் வீட்டிலும் சட்டம் விசித்திரமாக நடந்துகொள்ளும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காகப் பெற்றோர் இன்ஷூரன்ஸ் எடுத்தால் பழைய வருமானவரி முறையில் சலுகை உண்டு. ஆனால் வெகு காலம் வரை, பெற்றோர் இறந்த பிறகுதான் அந்தப் பணம் பிள்ளைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை. அதாவது, அப்பா உயிரோடு இருப்பது பிள்ளைக்கு நஷ்டம். ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 2019-இல் நீதிமன்றம் இதைப் பரிசீலிக்கும்படி அரசுக்குச் சொன்னது. 2022-இன் நிதிச் சட்டத்தில் திருத்தினார்கள். பெற்றோருக்கு அறுபது வயது ஆனபின் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டால் அவர்கள் இருக்கும்போதே பணம் வரலாம்.

மத்திய அரசிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நிறையப் பேர். அவர்களுக்கு ஒன்று. சம்பாதிக்க முடியாத அளவுக்கு உடல் அல்லது மனக் குறைபாடுள்ள மகனோ மகளோ இருந்தால், உங்கள் இருவருக்கும் பிறகு குடும்ப ஓய்வூதியம் அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் உண்டு. வயது வரம்பு இல்லை. பிள்ளைக்குக் கொஞ்சம் வருமானம் இருந்தால் கிடைக்காது என்று 2021 வரை பலரை ஒதுக்கினார்கள். அந்த வரம்பை அந்த ஆண்டு உயர்த்தினார்கள். குறைபாடு நிரந்தரம் என்றால் மருத்துவச் சான்று ஒரு தடவை போதும். இதில் பெரும்பாலோர் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே துறைக்கு எழுதி, பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காவிட்டால், ஒரு நாள் அந்தப் பிள்ளையே சான்றிதழ், பிறப்பு அத்தாட்சி, அப்பாவின் பழைய ஆணை எல்லாவற்றையும் தேடி எடுத்துக்கொண்டு அலுவலக வராந்தாவில் நிற்க வேண்டியிருக்கும். தனியாக வராந்தாவில் நிற்கக்கூடிய பிள்ளையாக இருந்தால் இந்த ஓய்வூதியமே வேண்டியிருக்காதே. தனியார் கம்பெனியில் இருந்து 1995-இன் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும், நிரந்தரமாக முழுவதும் முடங்கிய பிள்ளைக்கு வயதைப் பார்க்காத ஓய்வூதியம் உண்டு, தொகை சிறியது. தாராவியின் தோல் பட்டறையிலும் இட்லிக் கடையிலும் உழைத்துத் தேய்ந்தவர்களுக்கு இது எதுவும் கிடையாது.

நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க எப்படியும் வங்கிக்குப் போவீர்கள். அன்றைக்கு ஓய்வூதிய ஆணையின் நகலை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர் அதில் இல்லையென்றால், மருத்துவச் சான்றின் பிரதியோடு துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அந்த அட்டை எங்கே இருக்கிறது என்பதை நியூஜெர்ஸியில் இருக்கும் மகளுக்கும் சொல்லி வையுங்கள்.